ரிசல்ட்டுக்கும் அட்மிஷனுக்கும் நடுவே

தமிழ்நாட்டு அரசுப் பள்ளி மாணவர் ஒருவருக்கு மிக நெருக்கடியான காலம் பரீட்சைக் காலம் என்றுதான் பலரும் நினைப்பார்கள். உண்மையில் அது பிளஸ் டூ ரிசல்ட் வரும் மே மாதத்துக்கும் கல்லூரி திறக்கும் நாளுக்கும் இடைப்பட்ட சில வாரங்கள்தான். அதற்குள் விண்ணப்பம் போட வேண்டும், சான்றிதழ்களைத் திரட்ட வேண்டும், கலந்தாய்வுக்குப் பதிய வேண்டும், பணம் புரட்ட வேண்டும், எந்தப் படிப்பு, எந்த ஊர் என்று வீட்டில் பேசி முடிவெடுக்க வேண்டும். பட்டம் படித்த அப்பாவோ சித்தியோ இருக்கும் வீட்டில் இதில் பாதி சாப்பாட்டு நேரப் பேச்சிலேயே முடிந்துவிடும். கொத்தனார் வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போகும் பெற்றோரின் பிள்ளைக்கு ஒவ்வொன்றும் தனித்தனி அலைச்சல். நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளைகளும் அந்த அலைச்சலில் தேதியைத் தவறவிட்டு, ஒரு வருடம் பார்க்கலாம் என்று பனியன் கம்பெனிக்கோ ஜவுளிக்கடைக்கோ போய்விடுகிறார்கள். போனவர்களில் திரும்பி வருபவர்கள் குறைவு.

2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். இந்தியாவின் சராசரி 28.4. 18 முதல் 23 வயது வரையுள்ளவர்களின் தொகையோடு, கல்லூரியில் படிப்பவர்களின் தொகையை ஒப்பிடும் கணக்கு இது. இந்த இடம் சும்மா கிடைத்துவிடவில்லை. பள்ளியில் மதிய உணவு, 69 சதவீத இடஒதுக்கீடு, சிறு நகரங்கள் வரை வந்த அரசுக் கலைக் கல்லூரிகள், 1984 முதல் நடந்துவந்த தொழிற்படிப்பு நுழைவுத் தேர்வை 2006இல் சட்டம் போட்டு நீக்கியது, வீட்டிலேயே முதன்முதலாகப் பட்டம் படிக்க வருபவருக்கு 2010 முதல் பொறியியல் கட்டணச் சலுகை என்று பல ஆட்சிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியது. ஆனால் 47 என்பது சராசரி. செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு இடம்பெயர்ந்து திரும்பும் பிள்ளையும், மலைக்கிராமத்திலிருந்து இறங்கி விடுதியில் தங்கிப் படித்த பிள்ளையும், அம்மாவின் ஒற்றைக் கூலியில் வளரும் பிள்ளையும் அந்தச் சராசரிக்குள் கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள்.

மே மாத நெருக்கடிக்கு வித்து விழுவது இரண்டு வருடம் முன்பே, பதினொன்றாம் வகுப்பில் குரூப் எடுக்கும் நாளில். கணக்கு இல்லாத குரூப் எடுத்தவருக்குப் பொறியியலின் பெரும்பகுதியும் கட்டடக்கலையும் அன்றே மூடிவிடும். உயிரியல் இல்லாவிட்டால் மருத்துவப் படிப்புக்கான நீட் தேர்வு கிடையாது. இது பத்தாம் வகுப்பு முடித்த பதினைந்து வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பல ஊர்களில் தேர்வு செய்யவும் அதிகம் இருக்காது. பெண் பிள்ளை என்றால் டவுன் பஸ் போய்வரும் தூரத்தில் எந்த மேல்நிலைப் பள்ளி இருக்கிறதோ, அதில் எந்த குரூப் இருக்கிறதோ, அதுவே அவள் எதிர்காலத்தை முடிவு செய்துவிடும். அதனால் வழிகாட்டுதல் ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும் என்று சொல்வது மிகை அல்ல. பத்தாம் வகுப்போடு பாலிடெக்னிக் போனால் மூன்று ஆண்டில் டிப்ளமோ, அங்கிருந்து நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டு என்று ஒரு வழி இருப்பதும், எந்த குரூப் படித்தாலும் சட்டம் படிக்கலாம் என்பதும், அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் ஐந்தாண்டுப் படிப்புகளுக்கு நுழைவுத் தேர்வே இல்லை, பிளஸ் டூ மதிப்பெண் போதும் என்பதும் அந்த வயதில் காதில் விழுந்தால் பிள்ளை படிக்கும் படிப்பே மாறிவிடும்.

இன்னொரு சிக்கல், பல கதவுகள் ரிசல்ட்டுக்கு முன்பே மூடிவிடுகின்றன. தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வு டிசம்பரில் நடக்கிறது. ஐ.ஐ.டி., என்.ஐ.டி. பக்கம் போக வேண்டிய ஜே.இ.இ. மெயின் தேர்வின் முதல் சுற்று ஜனவரியில். ஃபேஷன் தொழில்நுட்பக் கல்லூரியான நிஃப்ட் போன்றவற்றுக்கும் விண்ணப்பம் குளிர்காலத்திலேயே முடிந்துவிடும். ரிசல்ட் வரட்டும், பார்க்கலாம் என்று காத்திருக்கும் குடும்பத்துக்கு மே மாதம் வரும்போது இவை எதுவும் மிச்சமிருக்காது. 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டமும், அதன் கீழ் மாவட்டந்தோறும் நடந்த ‘கல்லூரிக் கனவு’ நிகழ்ச்சிகளும் இந்தத் தகவல் பஞ்சத்தைப் போக்க வந்தவை. நல்ல முயற்சிதான். ஆனாலும் மண்டபத்தில் ஆயிரம் பேரை உட்காரவைத்துப் பேசுவது ஒன்று. ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணையும் வீட்டு நிலையையும் பார்த்து, “உனக்கு இந்த மூன்று விண்ணப்பம், இந்தத் தேதிக்குள்” என்று எழுதிக் கொடுப்பது வேறு. இரண்டாவது வேலையைச் செய்ய அந்தப் பிள்ளையைத் தெரிந்த ஆசிரியரால்தான் முடியும். அந்த ஆசிரியருக்கு அதற்கென்று நேரம் ஒதுக்கித் தரப்பட்டால்தான் நடக்கும்.

சட்டம் போட்டால் எவ்வளவு மாறும் என்பதற்கு 7.5 சதவீத ஒதுக்கீடு சான்று. 2017 முதல் மருத்துவப் படிப்புக்கு நீட் கட்டாயமானதும், மாநிலக் கல்லூரிகளில் எம்.பி.பி.எஸ். சேரும் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்தார்கள். 2020இல் அவர்களுக்கென 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. அந்த ஆண்டே எம்.பி.பி.எஸ்., பல் மருத்துவம் இரண்டிலும் சேர்த்து நானூறுக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் இந்த ஒதுக்கீடு விரிந்தது. சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்றது. சென்னை உயர் நீதிமன்றம் 2022 ஏப்ரலில் மருத்துவ ஒதுக்கீட்டுச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஒரு நிபந்தனையைப் பெற்றோர் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்: ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நடுவில் ஒரு வருடம் ஆசைப்பட்டுத் தனியார் பள்ளியில் சேர்த்துவிட்டுத் திரும்பிய குடும்பம் அதைக் கலந்தாய்வில்தான் தெரிந்துகொள்கிறது.

பிறகு சான்றிதழ்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, ஆதார், வங்கிக் கணக்கு என்று சொல்லும்போது சின்ன பட்டியல்தான். ஆனால் பள்ளி மாற்றுச் சான்றிதழில் ‘மு. கவிதா’ என்று இருக்கும் பெயர் ஆதாரில் ‘கவிதா முருகேசன்’ என்றும், வங்கிப் புத்தகத்தில் இனிஷியலே இல்லாமல் ‘கவிதா’ என்றும் இருந்தால், கணினிக்கு அவர்கள் மூன்று பேர். உதவித்தொகை விண்ணப்பம் அதிலேயே நின்றுபோகும். பெயரைத் திருத்த இ-சேவை மையத்தில் ஒரு நாள், வங்கியில் ஒரு நாள், கைரேகை பதியவில்லை என்றால் மறுபடி ஒரு நாள். ஒவ்வொரு நாளும் அப்பாவுக்கு ஒரு நாள் கூலி போகும். முதல் பட்டதாரிச் சான்றுக்குத் தாத்தா பாட்டி, அப்பா அம்மா, அண்ணன் அக்கா யாரும் பட்டம் பெறவில்லை என்று காட்ட வேண்டும். அப்பா விட்டுப்போன வீட்டில், அவர் ஊர், அவர் ஆவணம் எதுவும் கையில் இல்லாத பிள்ளைக்கு இது பெரிய மலை. பழங்குடியினர் சாதிச் சான்று இன்னும் கடினம். மற்றவர்களுக்கு வட்டாட்சியர் அலுவலகத்தோடு முடிவது இவர்களுக்குக் கோட்டாட்சியர் வரை போகும். விசாரணைக்கு மாதக்கணக்கில் ஆவதும் உண்டு. நரிக்குறவர் சமூகம் பழங்குடியினர் பட்டியலில் சேர்ந்ததே 2023இல்தான். அதற்குப் பல பத்தாண்டுகள் அந்த மக்கள் கேட்டு நின்றார்கள்.

இத்தனைக்கும் தீர்வு எளிது. பதினொன்றாம் வகுப்பிலேயே பள்ளியில் ஒரு முகாம் போட்டு, பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் தகவல் தொகுப்பான எமிஸ் பதிவில் உள்ள பெயரையும் ஆதாரையும் வங்கிக் கணக்கையும் ஒப்பிட்டு, வருவாய்த் துறை ஊழியரை அங்கேயே வரவழைத்து முடித்துவிட்டால் மே மாதத்தின் பாதிச் சுமை குறையும். சில பள்ளிகளில் தலைமையாசிரியர்கள் சொந்த முயற்சியில் இதைச் செய்கிறார்கள். எல்லாப் பள்ளிகளிலும் செய்ய வேண்டிய வேலை இது.

அடுத்தது கலந்தாய்வு. பொறியியல் கலந்தாய்வுக்கான கட்-ஆஃப் 200க்கு: கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. ரேங்க் வந்ததும் மாணவர் தனக்கு வேண்டிய கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் வரிசைப்படுத்தி ஆன்லைனில் பதிய வேண்டும். கணினி அந்த வரிசையை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்து, அவர் ரேங்குக்குக் காலியாக இருக்கும் முதல் இடத்தைத் தந்துவிடும். ஆகவே எட்டாது என்று தோன்றும் நல்ல கல்லூரியை மேலே போடுவதால் எந்த நட்டமும் இல்லை. பத்திரமாக இருக்கட்டும் என்று பக்கத்து ஊர்க் கல்லூரியை முதலில் போட்டால், அதைவிட நல்ல இடம் காலியாக இருந்தாலும் பக்கத்து ஊர்தான் கிடைக்கும். இந்த ஒரு விஷயம் புரியாமல் வருடா வருடம் நல்ல ரேங்க்குகள் வீணாகின்றன. பிரவுசிங் சென்டரில், பின்னால் வரிசை நிற்க, இருபது நிமிடத்தில் கடைக்காரப் பையன் தனக்குத் தெரிந்த பெயர்களைத் தட்டிவிடுகிறான். தமிழ்நாடெங்கும் அரசின் உதவி மையங்கள் உள்ளன. அங்கே உட்கார்ந்து நிதானமாகப் பதியலாம். ஒதுக்கீடு வந்த பிறகு அதை உறுதிசெய்ய இரண்டு நாள் அவகாசம்தான் என்பதால், போனில் ரீசார்ஜ் இல்லாமல் போவதுகூட ஒரு சீட்டைப் பறித்துவிடும்.

இந்த இடைவெளியில்தான் வீட்டு வாசலுக்குக் கல்லூரி ஏஜென்டுகள் வருகிறார்கள். ஃபீஸ் இல்லை, பஸ் இலவசம் என்று பேசி அசல் சான்றிதழ்களை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். பிறகு நல்ல இடத்தில் ஒதுக்கீடு கிடைத்தாலும் சான்றிதழைத் திரும்ப வாங்கப் பணம் கேட்கிறார்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்திருக்கிறது. ஒவ்வொரு பெற்றோரும் இதைத் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

பணத்தைப் பொறுத்தவரை, கட்டணம் மட்டுமே தடை என்று நினைப்பது தவறு. அரசுக் கலைக் கல்லூரியில் கட்டணம் சொற்பம். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருந்தால் உதவித்தொகை உண்டு. ஆனால் சேரும் வாரத்தில் வேண்டியது பெட்டி, பாய், இரண்டு செட் உடை, பஸ் காசு, முதல் மாத மெஸ் பணம். உதவித்தொகை கணக்கில் ஏறுவதற்குள் செமஸ்டரே முடிந்துவிடலாம். அந்தச் சில ஆயிரம் ரூபாய்க்காகக் கந்துவட்டி வாங்கும் குடும்பங்கள் இருக்கின்றன. கல்விக் கடன் நான்கு லட்சம் வரை சொத்துப் பிணை இல்லாமல் தரப்பட வேண்டும். படிப்பு முடிந்து ஓராண்டு கழித்தே தவணை தொடங்கும். இது விதி. கிராமத்து வங்கிக் கிளையில் அப்பா தனியாகப் போய்க் கேட்பதைவிட, விதி தெரிந்த ஒருவர் கூடப் போனால் வேலை நடக்கும் என்பது அனுபவம்.

இதில் ‘புதுமைப் பெண்’ திட்டம் தனியே சொல்லத்தக்கது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989இல் தொடங்கியது ஏழைப் பெண்களின் திருமணத்துக்கு உதவும் திட்டம். அந்தப் பணத்தைப் படிப்பின் பக்கம் திருப்பி, 2022 செப்டம்பர் 5 முதல், அரசுப் பள்ளியில் ஆறு முதல் பிளஸ் டூ வரை படித்துக் கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. சேரும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் அவர்கள் கணக்கிலேயே போடத் தொடங்கினார்கள். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது உண்டு. ஆயிரம் ரூபாய் ஒரு குடும்பத்தை நிமிர்த்திவிடாது. ஆனால் பஸ் காசுக்கும் நாப்கினுக்கும் அண்ணனிடம் கைநீட்ட வேண்டாம் என்பது ஒரு பெண்ணுக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்பதை அந்த வயதைக் கடந்த பெண்கள் அறிவார்கள். 2024 ஆகஸ்டில் ஆண் பிள்ளைகளுக்கும் ‘தமிழ்ப் புதல்வன்’ என்று இதேபோல் ஒரு திட்டம் கோவையில் தொடங்கியது.

சேர்த்துவிட்டால் பாதி வேலைதான் முடிந்தது. முதல் செமஸ்டர் என்று ஒன்று இருக்கிறது. பிளஸ் டூ வரை தமிழ் வழியில் வகையீடும் தொகையீடும் நன்றாகப் போட்ட பிள்ளை, பொறியியல் கல்லூரியின் முதல் வகுப்பில் ‘டிஃபரன்ஷியேஷன்’, ‘இன்டக்ரேஷன்’ என்ற சொற்களைக் கேட்டு, தனக்குத் தெரியாத ஏதோ ஒன்று நடக்கிறது என்று நினைத்துக் குனிந்துகொள்கிறது. ‘டிட்டர்மினன்ட்’ என்றால் அணிக்கோவைதான், ‘வெலாசிட்டி’ என்றால் திசைவேகம்தான், ‘ஆக்சிலரேஷன்’ என்றால் முடுக்கம்தான் என்று யாராவது பக்கத்தில் இருந்து சொன்னால் முகம் தெளிந்துவிடும். அறிவில் குறை ஏதும் இல்லை, சொல்தான் புதிது. இரண்டு வாரத்தில் ஓர் இணைப்பு வகுப்பு வைத்து, பள்ளிப் பாடத்தின் முக்கியச் சொற்களை இரு மொழியிலும் பழக்கிவிட்டால் தாண்டிவிடக்கூடிய பள்ளம் இது. அப்படிச் செய்யாத இடங்களில் முதல் செமஸ்டரிலேயே மூன்று நான்கு அரியர் விழுகிறது. அரியர் விழுந்த பிள்ளை வீட்டில் சொல்லாது. வீட்டில் கேட்கவும் யாருக்கும் தெரியாது. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழ் வழியிலும் தொடங்கியது. ஆனாலும் பெரும்பாலான பிள்ளைகள் ஆங்கில வழி வகுப்பில்தான் உட்காருகிறார்கள். அவர்களுக்குத் தேவை முதல் ஆறு மாதம் ஒரு கை.

அந்தக் கையைத் தொடர்ந்து நீட்டியதுதான் சில தன்னார்வ அமைப்புகளின் பலம். நடிகர் சூர்யா 2006இல் தொடங்கிய அகரம் அறக்கட்டளை, 2010இல் ‘விதை’ என்ற திட்டத்தை ஆரம்பித்தது. தன்னார்வலர்கள் விண்ணப்பித்த மாணவரின் வீட்டுக்கே போய்ப் பார்த்துத் தேர்வு செய்கிறார்கள். பெற்றோர் இல்லாதவர்கள், முதல் தலைமுறை மாணவர்கள் போன்றோருக்கு முன்னுரிமை. கல்லூரியில் இடம் வாங்கித் தருவதோடு விடாமல், படிப்புக் காலம் முழுக்க வழிகாட்டிகளை வைத்து மொழிப் பயிற்சியும் மனத்துணிவும் கொடுக்கிறார்கள். அங்கே படித்து வந்தவர்களே அடுத்த பிள்ளைகளுக்குத் தன்னார்வலர்களாகத் திரும்புகிறார்கள். மழை ஒழுகும் கூரையைப் பார்த்துவிட்டு வருபவர் அந்தப் பிள்ளைக்கு என்ன தேவை என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

வேலைக்கான தயாரிப்பும் இதே கதைதான். பட்டம் ஒன்றே வேலை தந்துவிடாது. பட்டம் இல்லாமலும் நல்ல வேலைகள் உண்டு. அரசு ஐ.டி.ஐ.யில் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், பஸ் பாஸ் எல்லாம் உண்டு. 71 அரசு ஐ.டி.ஐ.க்கள் டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்தோடு சேர்ந்து ரோபாட்டிக்ஸ், சி.என்.சி. எந்திரங்கள் வரை கற்றுத்தரும் கூடங்களாக மாறின. ஃபிட்டர், வெல்டர் படித்துவிட்டு அப்ரெண்டிஸ் முடித்தவரை எந்தத் தொழிற்சாலையும் மதிக்கும். அரசு வேலை பக்கம், பத்தாம் வகுப்புத் தகுதிக்கே குரூப் 4 தேர்வு இருக்கிறது. பள்ளி முதல் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணிகளில் 20 சதவீத முன்னுரிமை 2010 சட்டப்படி உண்டு. தமிழ் வழியில் படித்தோமே என்று கூசும் பிள்ளைக்கு அதே படிப்பு ஒரு சலுகையாகவும் இருப்பதை யாரும் சொல்வதில்லை.

ஐ.ஏ.எஸ். தயாரிப்பு டெல்லிக்கும் சென்னை அண்ணா நகருக்கும் பணம் கட்டிப் போகிறவர்களுக்கு மட்டும் என்ற நிலையும் மாறியிருக்கிறது. நான் முதல்வன் திட்டத்தில் 2023 முதல், தேர்வு வைத்துத் தெரிவு செய்யப்படும் 1000 பேருக்கு முதல்நிலைத் தேர்வுக்காகப் பத்து மாதம் மாதந்தோறும் 7,500 ரூபாயும், முதல்நிலையில் தேறியவர்களுக்கு 25,000 ரூபாயும் தரப்படுகின்றன. வேலைக்குப் போகாமல் ஒரு வருடம் புத்தகத்தோடு உட்கார ஏழை வீட்டுப் பிள்ளைக்கு முதலில் வேண்டியது அந்த மாதப் பணம்தான். 2025 ஏப்ரலில் வந்த குடிமைப் பணித் தேர்வு முடிவில் தமிழ்நாட்டிலிருந்து தேறிய 57 பேரில் 50 பேர் இந்தத் திட்டத்தில் பயன்பெற்றவர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் எந்தக் கல்லூரியிலும் சேராமல் நின்றுவிடும் பிள்ளைகளைத் தேடிப் போவது ‘உயர்வுக்குப் படி’. எமிஸ் பதிவை வைத்து, பிளஸ் டூ முடித்தும் எங்கும் சேராதவர்கள் யார் என்று பெயர் பெயராகக் கண்டெடுத்து, முகாமுக்கு அழைத்து, கல்லூரி, ஐ.டி.ஐ., வங்கி, வருவாய்த் துறை எல்லாரையும் ஒரே இடத்தில் உட்காரவைத்துச் சேர்க்கையை அன்றே முடிக்கும் முயற்சி. பிள்ளை அலுவலகங்களுக்கு அலையாமல், அலுவலகங்கள் பிள்ளையிடம் வருகின்றன. எல்லாவற்றிலும் சரியான ஏற்பாடு இதுதான். ஆனால் போன் எண் மாறிப்போன பிள்ளையை எமிஸ் கண்டுபிடிக்காது. அவள் எந்தக் கடையில் பில் போட்டுக்கொண்டு நிற்கிறாள் என்பது தெருவில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

பிளஸ் டூவில் ஒரு பாடம் போனாலும் வருடம் போய்விடாது. துணைத் தேர்வில் தேறினால் அதே ஆண்டில் பொறியியல் துணைக் கலந்தாய்விலும் கலந்துகொள்ளலாம். எந்தச் சந்தேகத்துக்கும் பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற இலவச எண் இருக்கிறது. உங்கள் தெருவில் இந்த ஆண்டு பிளஸ் டூ எழுதும் அரசுப் பள்ளிப் பிள்ளை யார் என்று விசாரியுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஆதாரையும் மாற்றுச் சான்றிதழையும் பக்கத்தில் வைத்துப் பெயரைச் சரிபார்த்துக் கொடுங்கள்.